எஞ்சின் சத்தம்: காலையில் கடகட, ஐட்லிங்கில் டிக் டிக், மேட்டில் கிலுகிலு. எஞ்சினை இறக்கணுமா?

பொள்ளாச்சி_ரோடு:

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், 2014 மாடல், 1,12,000 கி.மீ. மேனுவல் கியர், டைமிங் செயின் எஞ்சின். ஆயில் 5டபிள்யூ-30, மாற்றி 6,000 கி.மீ. ஆகிறது. மூன்று விதமான சத்தம்:

1. காலையில் முதல் ஸ்டார்ட்டில், பெல்ட் இருக்கும் பக்கம் 'கடகடகட' என்று 2–3 விநாடி. அப்புறம் இல்லை. பகலில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் வருவதில்லை.

2. ஐட்லிங்கில் 'டிக் டிக் டிக்'. எஞ்சின் சூடானதும் பாதிக்குப் பாதி குறைகிறது. ரேஸ் பண்ணினால் அதுவும் கூடவே வேகமாகிறது.

3. மேட்டில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்.பி.எம். அளவில் அழுத்தி மிதித்தால் டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி கிலுகிலு.

டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. பார்த்த மெக்கானிக் "எஞ்சின் தேய்ஞ்சிடுச்சு, இறக்கிப் பார்க்கணும்" என்கிறார். இன்னொருவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். எதில் தொடங்குவது?

ஸ்டெதாஸ்கோப்:

இறக்க வேண்டாம், இப்போதைக்காவது. மூன்றும் வருகிற நேரத்தைப் பாருங்கள்: ஒன்று ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும், ஒன்று எப்போதும், ஒன்று லோடில் மட்டும். அநேகமாக மூன்று தனித்தனி விஷயம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் வழிகாட்டும்.

முதலில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி). சமதளத்தில் நிறுத்தி, அணைத்து 5–10 நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் சுமார் 1 லிட்டர் வரும். மேல்கோட்டைத் தாண்டி இருந்தாலும் தப்புதான். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அடித்தண்டு) அந்த ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். காற்று கலந்த ஆயிலில் ஹைட்ராலிக் டேப்பெட்டோ (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே அடைக்கும் பாகம்) செயின் டென்ஷனரோ (செயினை இறுக்கிப் பிடிப்பது) விறைப்பாக நிற்காது.

அடுத்து பெல்ட். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், ஐட்லர், டென்ஷனர் புல்லி எல்லாவற்றையும் ஒரே அடியில் சோதிக்க, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை 30 விநாடி ஓட்டினால் போதும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் செய்யுங்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் கூலன்ட் சுற்றாது, ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேட்டரி விளக்கு எரியும், அது சரிதான். சத்தம் போய்விட்டால் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். சொரசொரப்போ ஆட்டமோ இருக்கிற பேரிங்தான் குற்றவாளி. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் கூலன்ட் வடிந்து காய்ந்த கறை இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

(பெல்ட் கீச்சிடுகிறது என்றால், ஓடும்போது அதன் பள்ளம் விழுந்த பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. உடனே இன்னும் அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.)

பெல்ட் இல்லாமலும் சத்தம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். 900 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் கிராங்க் விநாடிக்கு 15 சுற்று, கேம் 7.5 சுற்று. காதால் எண்ண முடியாது. போனில் 10 விநாடி பதிவு செய்து, ஏதாவது ஒரு இலவச ஆடியோ எடிட்டரில் திறந்து, அலைவடிவத்தில் ஒரு விநாடிக்குள் எத்தனை முள் நிற்கிறது என்று பாருங்கள். 7 அல்லது 8 என்றால் வால்வு சம்பந்தப்பட்டது. 15 என்றால் கிராங்க், கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), கிராங்க் புல்லி, ஃபிளைவீல் பக்கம்.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லீக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் அடிக்கும், அதாவது அதே 7.5. எண்ணிக்கையை வைத்து டேப்பெட்டையும் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுதி) லீக்கையும் பிரிக்க முடியாது. டேப்பெட் சத்தம் என்று ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) கவரைத் திறக்கிற வண்டிகளில் கணிசமானவை உண்மையில் மேனிஃபோல்ட் லீக். நீங்கள் சொல்கிற 'சூடானால் பாதியாகிறது' என்பது மேனிஃபோல்டைத்தான் காட்டுகிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக நீளமான ஸ்க்ரூடிரைவர். நுனியை எஞ்சின் மேல், கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில். ஹெட் கவர், டைமிங் கவர், ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பக்கவாட்டு, பெட்ரோலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டர் என்று நகர்த்துங்கள். இன்ஜெக்டரில் கிளிக் கேட்பது இயல்பு, நான்கும் ஒரே மாதிரி கேட்டால் விட்டுவிடுங்கள். ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். தொங்குகிற துணி எதுவும் வேண்டாம்.

செயின்_ஸ்ப்ராக்கெட்:

முதல் சத்தத்துக்கு மட்டும் நான் எழுதுகிறேன். ராத்திரி நின்ற பிறகு 2–3 விநாடி, அதுவும் பெல்ட் பக்கம் என்றால் டைமிங் செயின் (கிராங்கையும் கேமையும் இணைப்பது) தொளதொளப்பு. ஆனால் செயினே போய்விட்டது என்று அர்த்தமில்லை. டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் செயினை இறுக்கும். ஆயில் வந்து சேரும் வரை சத்தம் வரும். கேள்வி, ஆயில் ஏன் தாமதமாக வருகிறது என்பதுதான்.

மலிவாகத் தொடங்குங்கள். ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்க. போலி ஃபில்டரிலும் மட்டமான ஃபில்டரிலும் இது விறைத்துப்போய் ஒழுகும். ராத்திரி நிறுத்திவிட்டு காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஃபில்டரைக் கழற்றுங்கள். படுக்கை வாக்கிலோ தலைகீழாகவோ மாட்டிய ஃபில்டர் கிட்டத்தட்ட காலியாக வந்தால் வால்வு போச்சு. வாய் மேல்நோக்கித் தொங்குகிற ஃபில்டர் என்றால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது, அதில் எப்படியும் ஆயில் நிற்கும். கம்பெனி ஃபில்டர் போட்டு, மேனுவல் சொன்ன ஆயிலையும் மாற்றி, ஒரு வாரம் காலை ஸ்டார்ட்டைக் கவனியுங்கள்.

அப்போதும் வந்தால் ஆயில் பிரஷர். பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்ட வேண்டும். நன்றாகச் சூடான எஞ்சினில் அளக்க வேண்டும், குளிரில் எல்லா எஞ்சினும் நல்ல பிரஷர் காட்டும். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் எண்ணோடு ஒப்பிடுவதுதான் முறை. கிடைக்காவிட்டால் 1,000 ஆர்.பி.எம்.-க்கு 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய தோராயக் கணக்கு. விளக்கு எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். அந்த சுவிட்ச் பிரஷர் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் விளக்கைப் போடும்.

பிரஷர் நன்றாக இருந்து, ஃபில்டர் புதிதாக இருந்து, சத்தம் 2 விநாடியிலிருந்து 5 விநாடி, பிறகு சூட்டிலும் என்று வளர்ந்தால் அது செயின்தான். செயின் நீள்வது என்பது இரும்பு இழுபடுவதல்ல. ஒவ்வொரு இணைப்பிலும் பின் தேய்ந்து, அத்தனை தேய்மானமும் கூட்டுச் சேர்ந்து நீளமாகிறது. அழுக்கான ஆயில் அரைத்துவிடுகிற வேலை இது. ஹெட் கவரைத் திறந்தால் டென்ஷனர் பிளஞ்சர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று சில எஞ்சின்களில் தெரியும். ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறு கோடுகளைப் படிக்கும் கருவி) பி0016 கோட் வந்திருந்தால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. செயின் ஒரு பல் தாண்டினால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வால்வு டைமிங் மாறுகிற வகை எஞ்சின் என்றால் கேம் முனையில் உள்ள ஃபேசரின் (வால்வு டைமிங்கை மாற்றும் பாகம்) லாக் பின் தேய்ந்தாலும் இதே மாதிரி ஸ்டார்ட்டில் ஒரு 'கர்ர்' வரும். அதையும் மனதில் வையுங்கள்.

மாற்றுவதென்றால் செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட் எல்லாம் செட்டாக. இன்னொன்று, டைமிங் கவருக்கு கம் தடவும்போது கவனமாக நில்லுங்கள். மேனுவல் சொல்கிற அளவுக்கு மெல்லிசாகக் கோடு போட்டால் போதும். தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே தள்ளப்பட்ட கம் பிய்ந்து சம்ப்பில் விழும், ஆயில் பம்பின் ஜல்லடையை அடைக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் முழுசாக இருக்கும், பிரஷர் மட்டும் இருக்காது.

செகண்ட்_கியர்:

மூன்றாவது சத்தம் பெரும்பாலும் 'நாக்கிங்'. ஸ்பார்க் பற்றவைத்து தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கிற கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. குறைந்த ஆர்.பி.எம்., பெரிய கியர், முழு மிதி: இதைவிட வசதியான சூழ்நிலை அதற்கு இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் வெடிக்க நேரமும் கிடைக்கும். அதே மேட்டை இரண்டாவது கியரில் 2,500-ல் ஏறிப் பாருங்கள். சத்தம் காணாமல் போனால் ஏறக்குறைய உறுதி.

இன்னொரு சோதனை: டேங்க் காலியாகும் நேரத்தில் 95-க்கு மேல் ஆக்டேன் உள்ள பிரீமியம் பெட்ரோல் ஒரு டேங்க். குறைந்தால் நாக்கிங்தான். அதற்காக ஆயுசுக்கும் பிரீமியம் ஊற்றச் சொல்லவில்லை, இது வெறும் பரிசோதனை. காரணத்தைத் தேடுங்கள்: பிஸ்டன் தலையில் கார்பன், வேறு ஹீட் ரேஞ்ச் (சூட்டை வெளியேற்றும் திறன்) ஸ்பார்க் பிளக், எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடுவது, நாக்கிங்கைக் கேட்கும் நாக் சென்சர். அந்த சென்சரின் போல்ட்டை மேனுவல் சொன்ன டார்க்கில்தான் இறுக்க வேண்டும். யாராவது ஓங்கி இறுக்கியிருந்தாலும் தளர்வாக விட்டிருந்தாலும் அது சரியாகக் கேட்காது, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கைப் பின்தள்ளாது.

மெக்கானிக் பயமுறுத்துகிற கன்ராட் பேரிங் சத்தம் வேறு ரகம். கிலுகிலு இல்லை, கனமான 'டொக் டொக்'. நியூட்ரலில் 2,500 வரை ஏற்றிச் சட்டென்று விட்டால், இறங்கும் அந்த நொடியில் தெளிவாகக் கேட்கும். நாக்கிங் நியூட்ரலில் வரவே வராது. சந்தேகமிருந்தால் ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றும்போது சத்தம் அமுங்கினால் அந்த சிலிண்டரின் பேரிங்கோ பிஸ்டனோ. குளிரில் மட்டும் அடித்துச் சூட்டில் மறைந்தால் பிஸ்டன், சூட்டில் மோசமானால் பேரிங். இக்னிஷன் காயிலைக் கழற்றாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும்.

பேரிங் என்று முடிவு கட்டும் முன் பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கிற துகளில் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது செயின், கேம், பம்ப். ஒட்டாத வெள்ளி நிறமோ செம்பு நிறமோ என்றால் பேரிங். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

பொள்ளாச்சி_ரோடு:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை பார்த்தது: ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில். பெல்ட் இல்லாமலும் டிக் டிக் அப்படியே இருக்கு. பதிவில் விநாடிக்கு 7–8 முள். இரண்டாவது கியரில் மேட்டில் கிலுகிலு இல்லை. மேனிஃபோல்ட் ஹீட் ஷீல்டைக் கழற்றியதில், டைமிங் பக்கத்துக் கடைசி ஸ்டட்டில் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பிணைக்கும் திருகு) நட் இல்லை, ஸ்டட்டே உடைந்து ஹெட்டுக்குள் நிற்கிற மாதிரி தெரிகிறது. அதைச் சுற்றிக் கரி. இதுதானா? இதை இப்படியே விட்டால் என்ன?

லேத்பட்டறை:

அதுதான். ஓரத்து ஸ்டட்தான் முதலில் போகும். மேனிஃபோல்ட் ஹெட்டைவிட அதிகச் சூடாகி நீளவாக்கில் விரியும்போது நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் நகர்வு அதிகம், அந்த இழுப்பெல்லாம் ஓர ஸ்டட்மேல்.

உறுதிப்படுத்த: குளிர்ந்த எஞ்சின், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏர் புளோயரை சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, மேனிஃபோல்ட் மூட்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழ் விடுகிற இடம்தான் லீக். இன்னொரு இடத்திலும் குமிழ் வந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், மறுபடி கழற்ற வேண்டியதில்லை.

விட்டால் என்ன என்று கேட்டீர்கள். முதலாவது, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வண்டி நிற்கும்போது ஏசி ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும் வாய் பானெட்டின் பின்விளிம்பில்தான் இருக்கிறது. சரிசெய்யும் வரை ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள், நின்றபடி எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காராதீர்கள். இரண்டாவது, எக்ஸாஸ்ட் துடிப்புக்கு இடையில் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளேயும் போகும். பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சர் கலவையில் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக்கொள்ளும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் (ஈசியூ செய்யும் நீண்ட காலப் பெட்ரோல் திருத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலில் நின்றால் இதுவும் ஒரு காரணம்.

இனி வேலை. மற்ற நட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடு இன்னும் இரண்டு உடையும். மேனிஃபோல்டை எடுத்த பிறகு உடைந்த ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்புங்கள். அந்தச் சூடே பிடிப்பை இளக்கும். சிவப்பு அடங்கியதும் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஹெட் மட்டத்தோடு உடைந்திருந்தால்தான் தலைவலி. நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளை, பிறகு இடதுபக்கம் சுற்றுகிற டிரில் பிட். பாதி நேரம் அந்த பிட்டே ஸ்டட்டை வெளியே கொண்டுவந்துவிடும். எட்டு மி.மீ., 1.25 பிட்ச் ஸ்டட் என்றால் கடைசித் துளை 6.8 மி.மீ. நடு தப்பினால் அலுமினிய ஹெட்டைத்தான் குடைவீர்கள். ஒல்லியான ஈஸி அவுட்டை (உடைந்த திருகை எடுக்கும் கருவி) முறுக்காதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் ஏறாது, ஹெட்டைக் கழற்றி ஸ்பார்க் எரோஷனுக்குத்தான் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறை) கொண்டுபோக வேண்டும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடலாம், நன்றாகவே நிற்கும்.

மேனிஃபோல்ட் முகத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். வளைந்திருந்தால் பட்டறையில் மட்டம் அடித்த பிறகே மாட்ட வேண்டும், இல்லையேல் புது ஸ்டட்டும் உடையும். ஸ்டட், நட், கேஸ்கட் மூன்றும் புதிது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சில். சிலிகான் கம் தடவவே தடவாதீர்கள். அது அந்தச் சூட்டில் எரிந்துபோகும், போகிற வழியில் ஆக்சிஜன் சென்சரையும் கெடுக்கும்.

செயின்_ஸ்ப்ராக்கெட்:

20டபிள்யூ-50 பற்றி யாரும் பேசவில்லை. ஊற்றாதீர்கள். கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை நிரப்பிச் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடிவைக்கும், விற்கப்போகிற வண்டிக்கு ஊற்றுவது அதற்குத்தான். உங்கள் வண்டியில் காலைக் கடகட இன்னும் கூடும், ஏனென்றால் அந்த ஆயில் டென்ஷனருக்கு ஏற இன்னும் நேரமெடுக்கும். மேனுவல் 5டபிள்யூ-40-ஐயும் அனுமதித்தால் அதுவரை போகலாம்.

ஃபீலர்_கேஜ்:

மேனிஃபோல்ட் முடிந்த பிறகும் மெல்லிய டிக் மிச்சமிருந்தால் வால்வு கிளியரன்ஸ் பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பெட்டா, திட டேப்பெட்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ராலிக்கில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை.

திட டேப்பெட் என்றால் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், ராத்திரி நிறுத்தியது உத்தமம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டி.டி.சி.-யில் (கலவையை அழுத்தி பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிற்கும்போது 1-ன் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும், 2-ன் இன்லெட், 3-ன் எக்ஸாஸ்ட் அளக்கலாம். கிராங்கை முழுதாக ஒரு சுற்று சுற்றி 4-ன் இரண்டும், 3-ன் இன்லெட், 2-ன் எக்ஸாஸ்ட். எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். புது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) தடிமன் = பழைய தடிமன் + அளந்த இடைவெளி − மேனுவல் சொல்லும் இடைவெளி. ஷிம் இல்லாமல் டேப்பெட்டே பல தடிமனில் வருகிற வகைக்கும் இதே கணக்குதான், ஆனால் கேமைக் கழற்ற வேண்டும், செயின் குறிகளைப் பெயின்ட்டில் அடையாளமிட்ட பிறகு.

மேனுவல் சொல்கிற அளவைவிட இறுக்கமாகச் செட் செய்து சத்தத்தை அடக்கித் தருகிறவர்கள் உண்டு. வாங்காதீர்கள். தளர்ந்த வால்வு சத்தம் போடும், அவ்வளவுதான். இறுகிய வால்வு சத்தமே போடாது, ஆனால் சீட்டில் முழுதாக உட்காராது. சீட் வழியாகத்தான் வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்குகிறது. அது நின்றால் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகிக் கம்ப்ரஷன் போகும். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் இன்னும் முக்கியம். அதில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மேலேறும், கிளியரன்ஸ் தானாகவே குறைந்துகொண்டே வரும், ஒரு சத்தமும் இல்லாமல். அப்படிப்பட்ட வண்டிக்கு டிக் டிக் கேட்கும்வரை காத்திருக்காமல் மேனுவல் சொல்கிற கி.மீ.-க்கு ஒரு தடவை ஃபீலர் கேஜைப் போட்டு அளந்துவிட வேண்டும்.